இணையச் செயலியும் தரவுத்தளமும்

கல்வி உதவித்தொகை கோரும் மாணவர் இணையப் பக்கத்தில் தம் விவரங்களை நிரப்பிப் பொத்தானை அழுத்துகிறார். அவ்விவரங்களைச் செயலியின் நிரல் பெற்று, தரவுத்தளத்திடம் ஒப்படைக்கிறது. இவ்விரண்டையும் பிணைக்கும் இணைப்பு பழுதுற்றால், தகுதியுடைய மாணவரின் விண்ணப்பமே காணாமற் போகக்கூடும். எனவே, நிரலாளர் மட்டுமன்றி, இப்பணியை ஒப்படைக்கும் அலுவலரும் இதன் அடிப்படைகளை அறிந்திருத்தல் நலம்.

தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் முறையை எட்கர் காட் 1970-ஆம் ஆண்டில் விளக்கினார். அவ்வட்டவணைகளைக் கையாளும் எஸ்.க்யூ.எல். மொழி 1986-இல் அமெரிக்காவில் தரப்படுத்தப்பெற்றது. நிரலின் வேண்டுகோளைத் தரவுத்தளத்திடம் கொண்டு சேர்ப்பது டிரைவர் எனப்படும் இடைநிலை மென்பொருளாகும். அதற்குத் தரவுத்தளக் கணிப்பொறியின் முகவரி, போர்ட் எண், தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவை தேவை.

கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தல் கூடாது. நிரலின் படி எவர் கைக்குச் சென்றாலும் கடவுச்சொல்லும் உடன் செல்லும். அதனைத் தனியே காப்பதே முறை. மேலும், விவரங்களைக் காட்டுவதற்கு மட்டுமேயான பக்கத்துக்கு, அவற்றை அழிக்கும் அதிகாரம் வேண்டியதில்லை.

ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிய இணைப்பைத் திறப்பது காலத்தையும் நினைவகத்தையும் விரயமாக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் முன்னமைவாக அனுமதிக்கப்படும் இணைப்புகள் 100 மட்டுமே. ஆகவே, சில இணைப்புகளைத் திறந்து வைத்து, மாறி மாறிப் பயன்படுத்தும் இணைப்புத் தொகுப்பு முறை கையாளப்படுகிறது. ஒரு வேண்டுகோள் 20 மில்லி வினாடி எடுத்துக்கொள்ளுமாயின், 20 இணைப்புகளைக் கொண்டு வினாடிக்கு 1,000 வேண்டுகோள்களை நிறைவேற்றலாம். ஆனால், பயன்படுத்திய இணைப்பை நிரல் திருப்பித் தரத் தவறினால், தொகுப்பு வற்றிவிடும், செயலியும் நின்றுவிடும். கூடுதல் கணிப்பொறிகளை வாங்குவதால் இக்குறை தீராது.

பயனர் தட்டச்சு செய்வதை அப்படியே எஸ்.க்யூ.எல். கட்டளையோடு ஒட்டுவது பேராபத்தாகும். பெயருக்குரிய கட்டத்தில் தீயோர் கட்டளையையே எழுதினால், தரவுத்தளம் அதற்கும் பணிந்துவிடும். கட்டளையை முன்னரே வரையறுத்து, பயனர் தரும் மதிப்புகளைத் தனியே அனுப்பினால் இதனைத் தடுக்கலாம்.

விண்ணப்பத்தை ஏற்றதாகக் குறிப்பது ஒரு பதிவு. தொகையைப் பட்டுவாடாப் பட்டியலில் சேர்ப்பது மற்றொரு பதிவு. இடையில் தடை நேர்ந்தால், பணம் கிட்டாத மாணவர் பெற்றவராகக் கணக்கில் நிற்பார். எனவே, இரண்டும் நிறைவேற வேண்டும். இல்லையேல் இரண்டுமே நீங்க வேண்டும். டிரான்சாக்‌ஷன் என்னும் ஏற்பாடு இதனை உறுதி செய்கிறது.

2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க வகை செய்கிறது. செயலியை ஏற்றுக்கொள்ளும் முன்னர், கடவுச்சொல் எங்குள்ளது, இணைப்புகள் திரும்புகின்றனவா, மதிப்புகள் தனியே செல்கின்றனவா, பாதியில் நின்ற பதிவு என்னவாகும் என்னும் நான்கு வினாக்களையும் அலுவலர் கேட்டல் வேண்டும். இவற்றிற்கு எழுத்து மூலம் விடை பெறுவது, மக்கள் தந்த விவரங்களுக்கு நாம் அளிக்கும் குறைந்தபட்சப் பாதுகாப்பாகும்.