மலிவு விலையின் கணக்கு

நுழையும்முன்

பொருளின் விலையைக் கேட்பவர் பலர்; அவ்விலை ஏன் குறைந்தது, எதனால் கூடியது என்று கேட்பவர் சிலர். குறைந்த வருவாயில் குடும்பம் நடத்துவோர்க்கு இக்கேள்வி பொழுதுபோக்கன்று. மாதக் கடைசியில் அடுப்பெரிவது இதனைப் பொறுத்ததாகும். கடலூர் மஞ்சக்குப்பத்தின் கடைத்தெருவிலிருந்து தொடங்கி, மலிவு விலை உருவாகும் வழிகளையும் அதனை அளந்தறியும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மாதத் தொடக்கத்தில் ஒரு பட்டியல்

கடலூர் மாநகரில் அரசு அலுவலகங்களும் பெரிய மைதானமும் அமைந்த பகுதி மஞ்சக்குப்பம். மாதத்தின் முதல் வாரத்தில் இங்குள்ள ஒரு குடும்பத்தில் மளிகைப் பட்டியல் எழுதப்படுவதாகக் கொள்வோம். அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, மிளகாய், சோப்பு, காய்கறி எனப் பட்டியல் நீள்கிறது. கையிலுள்ள பணமோ நீள்வதில்லை. ஆகவே அப்பட்டியல் ஒரே கடைக்குச் செல்லாமல் பல கடைகளுக்குப் பிரிகிறது. அரிசியும் சர்க்கரையும் நியாயவிலைக் கடையில். காய்கறி உழவர் சந்தையில். சோப்பும் மசாலாவும் தள்ளுபடி தரும் பல்பொருள் அங்காடியில். இடையில் தீர்ந்துபோகும் பொருள்கள் தெருமுனை மளிகைக் கடையில். இவை அனைத்தும் மலிவைப் பற்றியே பேசுகின்றன. ஆயினும் ஒவ்வோரிடத்திலும் விலை குறையும் காரணம் வேறு.

தள்ளுபடி அங்காடியில் விலை குறைவது எவ்வாறு?

கடைக்காரர் எடுத்துத் தர, வாங்குபவர் காத்து நிற்பதே பழைய முறை. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிசு நகரில் கிளாரன்சு சாண்டர்சு என்பவர், வாங்குபவரே பொருள்களை எடுத்துக்கொள்ளும் கடையைத் திறந்தார். பணியாளர் செலவு குறைந்தது, விலையும் குறைந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர்ச் செருமனியில் ஆல்பிரெக்ட் உடன்பிறந்தோர் வளர்த்த ஆல்டி கடைகள் இம்முறையை மேலும் சுருக்கின. குறைந்த வகைப் பொருள்கள், வந்த அட்டைப்பெட்டியிலேயே அடுக்கிவைத்தல், அலங்காரமின்மை ஆகியவையே அவற்றின் வழி. ஒரே பொருளை மிகுந்த அளவில் வாங்கும் கடைக்கு உற்பத்தியாளர் விலையைக் குறைத்துத் தருகிறார். அதில் ஒரு பகுதி வாங்குபவருக்குத் தள்ளுபடியாகக் கிடைக்கிறது.

எனினும் தள்ளுபடி என்பது ஈகையன்று. ஒரு பொருளில் குறைத்த ஆதாயத்தை மற்றொரு பொருளில் ஈடுசெய்வதே வணிகத்தின் இயல்பு. அன்றாடத் தேவையான அரிசியும் எண்ணெயும் பெரும்பாலும் கடையின் உட்புறத்தில் இருக்கும். அவற்றை அடைவதற்குள் பட்டியலில் இல்லாத பல பொருள்களைக் கடக்க வேண்டும். கண்மட்டத்தில் இருக்கும் தட்டு, கடை விற்க விரும்பும் பொருளுக்குரியது. பணம் செலுத்துமிடத்தில் மிட்டாய்கள் குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் காத்திருக்கும். நூறு ரூபாய் மிச்சப்படுத்தச் சென்றவர் இருநூறு ரூபாய்க்குத் தேவையற்றதை வாங்கித் திரும்பினால், மிஞ்சியது தள்ளுபடி அன்று, செலவே.

வாங்குவோரே உரிமையாளர்

விற்பவர் ஒருவர், வாங்குபவர் மற்றொருவர் என்றிருந்தால் அவர்தம் நலன்கள் மோதவே செய்யும். இருவரும் ஒருவரே ஆனால் என்ன நிகழும்? இவ்வினாவுக்கு விடையாகத் தோன்றியதே நுகர்வோர் கூட்டுறவு. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர் உள்ளிட்ட 28 உழைப்பாளர்கள் சிறுதொகை சேர்த்து ஒரு கடை தொடங்கினர். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பொருள்களே அதில் இருந்தன. கலப்படமின்மை, சரியான எடை, வாங்கிய அளவுக்கேற்ப ஆதாயப் பங்கு ஆகியவை அதன் நெறிகள்.

இந்நெறி 60 ஆண்டுகளில் தமிழ்மண்ணை வந்தடைந்தது. 1904ஆம் ஆண்டில் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அங்குள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக விளங்கிய வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் அதனை உருவாக்கியவர்களுள் ஒருவர். இன்றும் தமிழகத்து ஊர்கள் பலவற்றில் கூட்டுறவுப் பண்டகசாலைகள் இயங்குகின்றன. இவற்றில் விலை குறைவதற்குக் காரணம், ஆதாயம் வெளியாருக்குச் செல்லாமல் உறுப்பினர்க்கே திரும்புவதாகும்.

அரசு தாங்கும் விலை

நியாயவிலைக் கடையில் விலை குறையும் காரணம் வேறு. அங்கு விலையின் பெரும்பகுதியை அரசு மானியமாக ஏற்கிறது. 1972ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் பொருள்களைக் கொள்முதல் செய்து அனுப்ப, பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் கடைகளை நடத்துகின்றன. அரிசி 2011ஆம் ஆண்டு முதல் விலையின்றி வழங்கப்படுகிறது. சர்க்கரை கிலோ 25 ரூபாய்க்கும், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் குடும்ப அட்டைதாரர்க்குக் கிடைக்கின்றன. மானியம் மக்கள் செலுத்தும் வரியிலிருந்தே வருவதால், இக்கடையில் சரியான எடையைக் கேட்பது இரந்து நிற்பதாகாது, உரிமையைப் பெறுவதாகும்.

உழவர் சந்தையிலோ, விலை குறைவது இடைத்தரகர் இன்மையால். 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் முதல் உழவர் சந்தை மதுரையில் திறக்கப்பட்டது. பின்னர்க் கடலூர் உள்ளிட்ட பல நகரங்களுக்கு அது பரவியது. அடையாள அட்டை பெற்ற உழவர் தம் விளைச்சலைத் தாமே விற்கிறார். அன்றாட விலை பலகையில் எழுதப்படுகிறது. அது மொத்தவிலையைவிடக் கூடுதலாகவும் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் அமைவதால் இருசாராரும் பயன்பெறுகின்றனர்.

கடலூர் தந்த சிறுபொதி

மலிவைப் பற்றிய பேச்சில் கடலூருக்குத் தனியிடம் உண்டு. சிறிய நெகிழிப் பொதியில் ஒரு முறைக்கு வேண்டிய பொருளை மட்டும் அடைத்து விற்கும் முறைக்கு இந்தியாவில் முன்னோடியாகக் கருதப்படுபவர் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன். வசதியுள்ளோர் பயன்படுத்தும் பொருள் எளியோர்க்கும் எட்ட வேண்டும் என்பது அவரது எண்ணம். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983ஆம் ஆண்டில் கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்பு, சிறுபொதியாகவே சிற்றூர்களைச் சென்றடைந்தது. புட்டி வாங்க இயலாதவர் கையிலும் ஷாம்பு சேர்ந்தது.

இங்கே ஓர் உண்மையை உணர வேண்டும். கையிலிருந்து செல்லும் பணம் குறைவாக இருப்பது வேறு. பொருளின் விலை குறைவாக இருப்பது வேறு. ஐந்து கிலோ பருப்பை ஒருசேர வாங்குபவருக்குத் தள்ளுபடி உண்டு. நாட்கூலி பெற்று, நூறு கிராம் நூறு கிராமாக வாங்குபவருக்கு அது இல்லை. அதே பருப்புக்கு, பணம் குறைந்தவரே கூடுதல் விலை தர நேர்கிறது. தள்ளுபடி அங்காடி மொத்தப் பணத்தைக் கேட்கிறது; தெருமுனைக் கடை கடன் கணக்கு எழுதிக்கொள்கிறது. சற்றே விலை கூடினாலும் பலர் அக்கடையை நாடுவது அறியாமையால் அன்று; வேறு வழியின்மையால். நியாயவிலைக் கடையும் கூட்டுறவுக் கடையும் இன்றியமையாதன ஆவது இவ்விடத்தில்தான்.

அலகு விலை அறிதல்

மலிவை அளக்கும் கோல் அலகு விலை. அதாவது ஒரு கிலோவுக்கு, அல்லது ஒரு லிட்டருக்கு ஆகும் விலை. எடுத்துக்காட்டாக, ஒரு பருப்புப் பொதி 450 கிராம், விலை 72 ரூபாய். மற்றொன்று 500 கிராம், விலை 78 ரூபாய் எனக் கொள்வோம். பார்வைக்கு முதற்பொதி மலிவு. ஆயின் கிலோவுக்குக் கணக்கிட்டால் முதலாவது 160 ரூபாய்; இரண்டாவது 156 ரூபாய். குறைந்த எண் எழுதப்பட்ட பொதியே விலை கூடியது.

விலையை மாற்றாமல் எடையைக் குறைக்கும் வழக்கமும் உண்டு. பழகிய உறை, பழகிய விலை. உள்ளிருக்கும் பொருள் மட்டும் குறைந்திருக்கும். பெரிய பொதி எப்போதும் மலிவு என்றும் சொல்ல இயலாது. சில பொருள்களில் சிறுபொதியே அலகு விலையில் குறைவாக அமைவதுண்டு. ஆதலால் வகுத்துப் பார்ப்பதே வழி. 2021ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட பொதிப்பொருள் விதிகள், அதிகபட்சச் சில்லறை விலையோடு அலகு விலையையும் பொதியின்மேல் அச்சிடப் பணிக்கின்றன.

தெரிந்து தெளிவோம்

அதிகபட்சச் சில்லறை விலை அனைத்து வரிகளையும் உள்ளடக்கியது. அதற்கு மேல் கேட்பது குற்றம். நிகர எடை என்பது உறை நீங்கிய எடை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 சூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாள். நுகர்வோர் உதவி எண் 1915. பொது வினியோகக் குறைகளுக்கு 1967.

நிறைவாக

நேர்மையான அளவு தமிழர்க்குப் புதிய கருத்தன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் அளவில் நடுவுநிலை காத்ததைப் பட்டினப்பாலை போற்றுகிறது. அங்கு அந்நேர்மை வணிகரின் பண்பாக இருந்தது. இன்று அதனைச் சட்டமும் காக்கிறது. ஆயினும் சட்டம் கேட்பவருக்கே துணைநிற்கும். மஞ்சக்குப்பத்துக் குடும்பத்தின் பட்டியலை எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்பவர் பெரும்பாலும் அவ்வீட்டு மாணவராகவே இருக்கலாம். தேவையானதை மட்டும் எடுத்தல், எடையைப் பார்த்தல், அலகு விலையை வகுத்தல், இரசீதைக் கேட்டுப் பெறுதல் ஆகிய நான்கும் அவர் கற்ற கணக்குக்குள் அடங்குவனவே. அக்கணக்கைச் செய்து மிச்சமாகும் சிறுதொகை, மாதத்தின் இறுதி வாரத்தில் அவ்வீட்டின் உலையில் அரிசியாக விழும்.