எச்ஐவி மருந்து உண்போர் கல்லீரலையும் கவனிக்க வேண்டும்

எச்ஐவி என்றதும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைவதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. கல்லீரலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆனால், எச்ஐவிக்கு ஒழுங்காக மருந்து உண்டு, அக்கிருமியைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களிலும் சிலர் கல்லீரல் பாதிப்பால் உயிரிழக்கின்றனர். இது ஏன்?

வலப்பக்க விலா எலும்புகளின் கீழே இருக்கும் கல்லீரலின் எடை ஏறத்தாழ 1.5 கிலோ. இரத்தத்தில் கலக்கும் நச்சுப் பொருள்களை அகற்றுவதும் உண்ணும் மருந்துகளைப் பக்குவப்படுத்துவதும் அதன் வேலை. எச்ஐவி உள்ளவர்களின் கல்லீரல் மூன்று வழிகளில் பாதிக்கப்படுகிறது.

முதலாவது, கிருமியின் நேரடி விளைவு. குடற்சுவரில் உள்ள எதிர்ப்பு அணுக்களை எச்ஐவி அழிக்கிறது. இதனால் குடலில் வாழும் பாக்டீரியாக்களின் கழிவுகள் இரத்தத்தில் கசிந்து, நேராகக் கல்லீரலைச் சென்றடைகின்றன. நாளடைவில் அங்கே அழற்சியும் தழும்பும் உண்டாகின்றன.

இரண்டாவது, உடன் வரும் கிருமிகள். ஹெபடைடிஸ் பி, சி ஆகிய இரண்டும் எச்ஐவியைப் போலவே இரத்தம், பாலுறவு வழியாகப் பரவக்கூடியவை. மலேசியாவில் தொடக்க காலத்தில் எச்ஐவி பெரும்பாலும் போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்களிடையே பரவியது. ஹெபடைடிஸ் சி பரவவும் அதே ஊசி காரணமானது. இக்கிருமிகள் ஒன்றுசேரும்போது, கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் நோய் விரைவாக வருகிறது.

மூன்றாவது, மருந்துகள். நெவிராபின் போன்ற பழைய எச்ஐவி மருந்துகள் சிலரின் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கின. புதிய மருந்துகளில் இந்த ஆபத்து குறைவு. இருப்பினும் மதுவும், மருத்துவரிடம் சொல்லாமல் உண்ணும் ஜாமு, வேர் மருந்துகளும் கல்லீரலின் சுமையைக் கூட்டலாம்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. டெனோபோவிர், லாமிவுடின் ஆகிய மருந்துகள் எச்ஐவியோடு ஹெபடைடிஸ் பி கிருமியையும் அடக்கி வைக்கின்றன. "உடம்புதான் தேறிவிட்டதே" என்று அவற்றைத் தாமாகவே நிறுத்தினால், அடங்கியிருந்த ஹெபடைடிஸ் பி மீண்டும் தலைதூக்கிக் கல்லீரலைச் செயலிழக்கச் செய்யலாம்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. ஹெபடைடிஸ் சி நோயைப் பெரும்பாலும் 12 வார மாத்திரைகளால் குணப்படுத்த முடியும். விலை உயர்ந்த சோபோஸ்புவிர் மருந்தை மலிவாகப் பெற மலேசிய அரசாங்கம் 2017-இல் சிறப்பு உரிமத்தைப் பயன்படுத்தியது. 2018-இல் அரசாங்க மருத்துவமனைகளில் இதற்கான இலவசச் சிகிச்சை தொடங்கியது. ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அது போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் பரிசோதித்துக் கொள்வது நல்லது.

கல்லீரல் எளிதில் வலி காட்டாது. கண் மஞ்சளாகும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடக்கூடும். எனவே, எச்ஐவி சிகிச்சை பெறுவோர் அடுத்த முறை கிளினிக்கிற்குச் செல்லும்போது, "என் கல்லீரல் எப்படி இருக்கிறது?" என்று மருத்துவரிடம் கேட்கத் தயங்கக் கூடாது. அதை அறிய ஓர் இரத்தப் பரிசோதனையில் தொடங்கலாம்.