பெட்டியில் கிடைத்த வாட்ச்: பழுது பார்ப்போம், பாழாக்க வேண்டாம்!

- மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் துறை



உங்கள் வீட்டுப் பரணில் பழைய தகரப் பெட்டி ஏதாவது இருக்கிறதா? இருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும் வரை தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள். நான் திறந்துவிட்டுப் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்கள் அப்புச்சி சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மணி மட்டும் துல்லியமாகப் பார்ப்பார். 2025 செப்டம்பரில் நாங்கள் வாடகை வீடு மாறும்போது அவருடைய பெட்டியை இறக்கினோம். பழைய ரேஷன் கார்டு, ஒரு மூக்குக்கண்ணாடி, அதற்கு அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு கை வாட்ச். எச்.எம்.டி. ஜனதா. சாவி கொடுக்கிற ரகம். ஓடவில்லை.

அந்த நேரம் எங்கள் வீட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். ஆகஸ்டு கடைசியில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியது நினைவிருக்கும். ஆர்டர் குறைந்து, செக்கிங்கில் வேலை செய்யும் அம்மாவுக்கு வாரத்தில் நாலு நாள்தான் ஷிப்ட். சனிக்கிழமைச் சம்பளம் வந்த வேகத்தில் மளிகைக் கடைக்குப் போய்விடும். எனக்கோ பீஸ் கட்ட வேண்டிய தேதி நெருங்கியது. "பழைய வாட்ச்சுக்கு இப்ப நல்ல வெலைங்கறாங்களே கண்ணு... இதைய வித்தா எவ்வளவு வரும்?" என்று அம்மா கேட்டார். லைன் வீட்டில் ஒருவர் ஓடாத வாட்ச்சுக்கு 500 ரூபாய் தருகிறேன் என்றார்.

புதுசு மாதிரி ஆக்கினால் இன்னும் கூட வருமே என்று எனக்கு ஆசை. கண்ணாடி ஏற்கெனவே தளர்ந்துதான் இருந்தது. நகத்தால் நெம்பியதும் கழன்றுவிட்டது. டயலில் இருந்த அழுக்கை எடுக்க, பனியன் வேஸ்ட் துணியில் ஒரு துண்டை நனைத்து லேசாகத்தான் துடைத்தேன். டயலின் கீழே இருந்த '17 ஜுவல்ஸ்' என்ற எழுத்தில் பாதி துணியோடு வந்துவிட்டது! நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருந்த எழுத்து, ஒரே ஒரு இழுப்பில் போயிற்று.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெரியவரைப் பார்த்தேன்

இந்த ஆண்டு மலருக்கு விளம்பரம் கேட்டு நாங்கள் கடை கடையாக ஏறியபோது, பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கண்ணாடிப் பெட்டி அளவே உள்ள ஒரு வாட்ச் ரிப்பேர் கடையைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டிய பெரியவர். "விளம்பரம் குடுக்கற அளவுக்கு வியாபாரம் இல்லைங் தம்பி. வேணும்னா வேலை கத்துக்க, சும்மா சொல்லித் தர்றேன்" என்றார். மறுநாளே வாட்ச்சோடு போய் நின்றேன். லென்ஸைக் கண்ணில் மாட்டிப் பார்த்தவர் முதலில் கேட்ட கேள்வி: "டயலை ஆருங் தொடச்சது?"

பதில் சொல்ல முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அதன் பிறகு அவர் சொல்லிக் கொடுத்ததையும், நான் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்த மூன்று எழுத்து

நம்மில் பலர் ஒர்க்‌ஷாப்பில் எச்.எம்.டி. என்ற பெயர் பொறித்த லேத்தைப் பார்த்திருப்போம். அதே கம்பெனிதான்! ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற அரசு நிறுவனம் 1953-ல் தொடங்கப்பட்டது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை அமைத்தது. முதலில் தயாரான வாட்ச்களை 1963-ல் பிரதமர் நேரு வெளியிட்டார். கல்யாண மாப்பிள்ளைக்கும், வேலையில் ஓய்வு பெறுகிறவருக்கும் எச்.எம்.டி. வாட்ச் கட்டிவிடுவது ஒரு காலத்தில் பெரிய மரியாதை.

பிறகு பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வந்தது. 1984-ல் டாடா குழுமமும் நம் மாநிலத்தின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஓசூரில் தொழிற்சாலை வந்தது. சாவி கொடுக்கிற வாட்ச்சுக்கு மவுசு குறைந்தது. கடைசியில் 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூடிய பிறகுதான் ஜனங்களுக்கு அதன் மேல் ஆசை பிறந்தது! இன்று அதைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

சாவி கொடுக்கும்போது உள்ளே ஒரு டப்பாவுக்குள் இருக்கும் நீண்ட சுருள் வில் இறுகுகிறது. அது விரிய முயலும் பலம் பல் சக்கரங்கள் வழியாக ஓடி, கடைசியில் பேலன்ஸ் வீல் என்ற சக்கரத்தைத் தட்டிவிடுகிறது. தலைமுடியைப் போன்ற மெல்லிய ஹேர் ஸ்பிரிங் அதை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறது. ஜனதாவில் இந்த ஆட்டம் மணிக்கு 18,000. அதாவது விநாடிக்கு 5.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 4,32,000. ஒரு வருடத்துக்கு 15 கோடியே 76 லட்சத்து 80 ஆயிரம்! இத்தனை ஆட்டத்தையும் தாங்குகிற அச்சு முனையின் கனம், மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அது தேயாமல் இருக்கத்தான் சிவப்புக் கற்களில் உட்கார வைத்திருக்கிறார்கள். 17 ஜுவல்ஸ் என்றால் அப்படி 17 கற்கள். செயற்கை மாணிக்கம்தான், 'உருக்கி வித்தால் பணம் கிடைக்குமா' என்று கேட்காதீர்கள், கிடைக்காது! ஆனால் கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படி.

டயலில் 'பாரா ஷாக்' என்று எழுதியிருக்கிறதே, அது என்ன? பேலன்ஸ் வீலின் அச்சு முனையைத் தாங்கும் கல்லை ஒரு குட்டி ஸ்பிரிங் பிடித்திருக்கும். வாட்ச் கீழே விழுந்தால் கல் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும், அச்சு ஒடியாது. பஸ்ஸுக்கு ஷாக் அப்சார்பர் போல.

எண்ணெய்தான் உயிர்

ஓடாத வாட்ச்சைப் பார்த்தால் "சாவி அதிகமாக் குடுத்துட்டாங்க, அதான் நின்னு போச்சு" என்போம். பெரும்பாலும் அது காரணமில்லை. முழுச் சாவி கொடுத்தாலும் நல்ல வாட்ச் ஓடத்தான் செய்யும். உள்ளே எண்ணெய் காய்ந்து பிசின் மாதிரி ஆகியிருக்கும். நம் ஊரில் பஞ்சுத் தூசி வேறு. சாவித் திருகின் இடுக்கு வழியாக உள்ளே போய் அந்தப் பிசினில் ஒட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு முக்கியமான விஷயம். பெட்டியில் கிடைத்த வாட்ச்சை ஆட்டிப் பார்த்தால் சில சமயம் ஓடும். உடனே சந்தோஷப்பட்டுக் கையில் கட்டிக்கொண்டு திரியக் கூடாது. தூசியும் பழைய எண்ணெயும் கலந்தால் அது லேப்பிங் பேஸ்ட் மாதிரி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அச்சைத் தேய்க்கும். ஓவர்லாக் மெஷினை எண்ணெய் பார்க்காமல் ஒரு ஷிப்டாவது ஓட்டுவோமா? அப்படித்தான் இதுவும்.

சரியான சர்வீஸ் என்றால் முழுவதும் பிரிக்க வேண்டும். முதலில் சுருள் வில்லின் இறுக்கத்தைப் பக்குவமாக இறக்கி, முள், டயல், பேலன்ஸ், சக்கரங்கள் என்று வரிசையாகக் கழற்றி, தனித்தனியாகக் கழுவி, உலர்த்தி, லென்ஸில் தேய்மானம் பார்த்து, மறுபடி பூட்டும்போது தேவையான இடத்தில் மட்டும் எண்ணெய் வைக்க வேண்டும். ஊசி முனையில் ஒட்டுகிற அளவு போதும். ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாட்ச் தாறுமாறாக வேகம் எடுக்கும். காந்தம் ஏறினாலும் இதே கதைதான். ஆகவே மோட்டார், ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள்.

தையல் மெஷின் எண்ணெய் விடலாமா? கூடாது. பரவி ஓடிவிடும், பிறகு காய்ந்து பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெயா? பேசவே வேண்டாம்!

இன்னொரு ஆச்சரியம். சக்கரத்தை விட்டு விட்டுப் பிடிக்கும் பேலட் என்ற சின்ன கவையில் இரண்டு கற்கள் இருக்கின்றன. அவற்றை ஒட்டியிருப்பது அரக்கு! ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். நம் கெமிஸ்ட்ரி லேபில் ஸ்பிரிட் இருக்கிறதே என்று அதில் முக்கினால் கல் கழன்றுவிடும். பிரிக்காமல் அப்படியே பெட்ரோலில் முக்கி எடுப்பதும் சர்வீஸ் ஆகாது. அழுக்கு இடம் மாறும், இருக்கிற எண்ணெயும் போய்விடும்.

எதை மாற்றலாம்? எதைத் தொடக் கூடாது?

பெரியவர் இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். "ஓட்டத்துக்கு வேணுங்கறதைச் செய். மூஞ்சியை மாத்தாதே."

மாற்றக்கூடியவை: சுருள் வில், வாட்ச்சின் ரப்பர் வளையம், ஸ்ட்ராப், உடைந்த கண்ணாடி. இவை தேயத்தான் செய்யும். ஆனால் கழற்றிய பழைய பாகத்தை ஒரு சின்னக் கவரில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் கண்ணாடியில் கீறல் மட்டும்தான் என்றால் பற்பசை தொட்டுத் தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும். கண்ணாடியைத் தனியே கழற்றிய பிறகுதான்!

தொடக் கூடாதவை: டயல், முட்கள், கேஸ், பின்மூடி, அசல் திருகு.

டயலின் எழுத்து மெல்லிய மை. தண்ணீர், எச்சில், துணி எதுவும் ஆகாது (அனுபவம் பேசுகிறது). மங்கிப்போன டயலை மறுபடி பெயிண்ட் அடித்து எழுத்துப் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் சேகரிப்பவர் லென்ஸில் பார்த்த உடனே எழுத்தின் கனத்தையும் கோணலையும் வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். கம்பெனியே போடாத கலரில் டயல், வேறு மாடலின் முள், வேறு மாடலின் கேஸ் என்று கலந்து கட்டிய வாட்ச்கள் மார்க்கெட்டில் நிறைய வந்துவிட்டதால், அசலாக மங்கிய டயலுக்குத்தான் மதிப்பு.

கேஸை பஃப் போடுவதும் அப்படியே. அந்தக் காலத்தில் பல வாட்ச்களின் கேஸ் பித்தளை, மேலே குரோம் முலாம். பஃப் போட்டால் முலாம் போய்ப் பித்தளை இளித்துவிடும். ஸ்டீலாக இருந்தாலும் ஓரத்தின் கூர்மை மழுங்கும். உலோகத்தை எடுப்பது சுலபம். எடுத்ததைத் திரும்ப வைக்க எந்த லேத்தாலும் முடியாது என்பது நமக்குத் தெரியாததா?

ஆனால் துருவும் ஈரமும் வேறு விஷயம். அதை 'பழமை' என்று விட்டுவைக்கக் கூடாது. கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தால் வெயிலில் காய வைக்காமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: 1960-களுக்கு முந்தைய சில வெளிநாட்டு வாட்ச்களில் இருட்டில் தெரிவதற்காக ரேடியம் கலந்த பெயிண்ட் பூசியிருப்பார்கள். இப்போது ஒளிராவிட்டாலும் ரேடியம் அப்படியேதான் இருக்கும். அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். அந்தப் பெயிண்ட்டைச் சுரண்டவோ, தூளை ஊதவோ கூடாது.

கடையில் கொடுக்கும் முன்

1. முன், பின், பக்கவாட்டில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்மூடியில் உள்ள எண்ணைக் குறித்து வையுங்கள்.
2. "முழுசாப் பிரிச்சு சர்வீஸ் பண்ணுவீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.
3. டயலைத் தொட வேண்டாம், பாலிஷ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள்.
4. மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்.
5. திரும்பி வந்ததும் போனில் உள்ள நேரத்தோடு தினமும் ஒரே வேளையில் ஒப்பிட்டு, ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. 30 விநாடி பிசகினால் பிழை 0.035 சதவீதம்தான். பழைய வாட்ச்சுக்கு அது பாஸ் மார்க்!
6. கையிலிருந்து கழற்றிவிட்டுச் சாவி கொடுங்கள். கட்டியபடியே திருகினால் தண்டு கோணலாக இழுபடும்.

வித்தேனா?

பெரியவர் 600 ரூபாய் கேட்டார். இரண்டு சனிக்கிழமையில் கொடுத்தேன். விலையைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னார். "ஜனதா ஊர் பூரா ஓடின வாட்ச் தம்பி. கோடி கொட்டாது. நீ எழுத்தை அழிக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் கெடைச்சிருக்கும். அதுக்காக இப்பப் போயி பெயிண்ட் அடிச்சா, இருக்கறதும் போயிரும்."

வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் காதருகே வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்பன் பக்கத்துல படுத்திருந்தா இந்தச் சத்தந்தான் கேக்கும்" என்றார். பீஸுக்குக் கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்தார். வாரா வாரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

அழிந்த எழுத்தைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அந்த எழுத்துப் படிக்கவா தெரியும்? முள்ளு ஓடுதல்ல, போதும்" என்றார். ஆனால் எனக்குப் படிக்கத் தெரியுமே! எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அழித்ததும் நான்தான். அதனால்தான் இதை எழுதினேன்.

தினமும் காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அம்மாதான் சாவி கொடுக்கிறார்.

நண்பர்களே, இனி நீங்கள் பெட்டியைத் திறக்கலாம். கை மட்டும் உலர்ந்து இருக்கட்டும்!