பைத் தேயிலையா, உதிரித் தேயிலையா?

கன்னிவாடிக்கு மேலே ஆடலூர், பன்றிமலைப் பக்கம் விளைவது காப்பிதான். பச்சைத் தேயிலையை நாம் கடையில்தான் வாங்க வேண்டும். அங்கே அது நூல் கட்டிய சிறு பையாகவும் உதிரி இலையாகவும் கிடைக்கிறது. உதிரி இலையை வாங்குவதே நல்லது.

பறித்த கொழுந்தை உடனே ஆவியிலோ சூடான சட்டியிலோ வாட்டினால் அதிலுள்ள நொதி செயலற்றுப் போகும். இலை கறுக்காமல் பச்சையாக நிற்கும். பின்பு உருட்டி, உலர்த்திச் சலிக்கும்போது முழு இலை மேலே தங்கும், நொறுங்கலும் தூளும் கீழே விழும். பைக்குள் பெரும்பாலும் போவது இந்த நொறுங்கலே. பொடியானால் காற்றுப் படும் பரப்பு கூடும். மணம் சீக்கிரம் போய்விடும். வெந்நீரில் துவர்ப்பும் சட்டென இறங்கும். காப்பிக் கொட்டையையும் காப்பித் தூளையும் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சில பைகள் நைலான் போன்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அத்தகைய பை ஒன்று 95 டிகிரி சூட்டில் சுமார் 1,160 கோடி நுண்துகள்களை நீரில் விடுவதாகக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2019இல் தெரிவித்தனர்.

ஒரு குவளைக்கு 2 கிராம் இலை போதும். கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு, 80 டிகிரி அளவில் ஊற்றி, இரண்டு மூன்று நிமிடத்தில் வடிகட்டவும். இலையைப் போட்டுக் கொதிக்க வைத்தால் கசக்கும். அதே இலையில் மறுமுறையும் வெந்நீர் ஊற்றலாம், சிக்கனம் இங்கேதான். ஊறிய இலை விரிந்து வடிவம் தெரிய வேண்டும். வெறும் காம்பும் தூளுமாக இருந்தால் அடுத்த முறை கடையை மாற்றுங்கள்.

இரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டுடன் இதைக் குடிக்கலாகாது. உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை இது குறைக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.