பாலியில் பெருகும் சுற்றுலா: குடியேறி வாழும் வெளிநாட்டினர் ஊர் ஊராக நகர்வது ஏன்?

புதுதில்லி: இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஆண்டுக்கணக்கில் தங்கி வாழும் வெளிநாட்டினர் பலர், தாங்கள் விரும்பித் தேர்ந்தெடுத்த ஊர்களைவிட்டு அடுத்த ஊருக்கும், அங்கிருந்து அதற்கடுத்த ஊருக்கும் நகர்ந்துகொண்டிருக்கின்றனர். வாடகை உயர்வு, போக்குவரத்து நெரிசல், இரவு நேர இரைச்சல் ஆகியவை இதற்கு உடனடிக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆனால், அடிப்படையான மாற்றம் வேறொன்று. முன்பு சுற்றுலாப் பயணி தங்கும் இடமும் குடியிருப்பவர் வாழும் இடமும் தனித்தனியே இருந்தன. இப்போது இருவரும் ஒரே தெருவில், ஒரே வீட்டுக்குப் போட்டியிடுகின்றனர்.

பாலி சுமார் 5,780 சதுர கிலோமீட்டர் பரப்பளவு கொண்டது. கோவா மாநிலத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரியது. மக்கள்தொகை 43 லட்சத்துக்கும் அதிகம். கொரோனா பெருந்தொற்றுக்கு முந்தைய 2019-ஆம் ஆண்டில் இத்தீவுக்கு நேரடியாக வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 62.8 லட்சம் பேர். 2021-இல் அந்த எண்ணிக்கை வெறும் 51. லட்சம் அல்ல, 51 பேர்! 2023-இல் 52 லட்சத்தைக் கடந்த வருகை, 2024-இல் 63 லட்சத்தைத் தாண்டி பழைய அளவையும் விஞ்சியது. இந்தோனேசியாவின் பிற பகுதிகளிலிருந்து ஆண்டுதோறும் வரும் ஏறத்தாழ ஒரு கோடி உள்நாட்டுப் பயணிகள் இக்கணக்கில் சேரவில்லை.

இந்தப் பயணிகள் தீவு முழுவதும் சமமாகப் பரவுவதில்லை என்பதுதான் சிக்கல். விமான நிலையம் அமைந்துள்ள தெற்குப் பகுதியிலும், நடுவே உள்ள உபுத் நகரைச் சுற்றியுமே பெரும்பான்மையோர் தங்குகின்றனர். வெளிநாட்டினர் குடியேறியிருப்பதும் இதே பகுதிகளில்தான்.

வேலிக்குள் இருந்த சுற்றுலா

பாலியில் வெளிநாட்டினர் குடியேறுவது புதிதன்று. ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஸ்பீஸ் 1927-இல் அங்கு சென்று, உபுத் அருகே வீடு கட்டி வாழ்ந்தார். மெக்சிகோ ஓவியர் மிகெல் கோவரூபியாஸ், கனடாவில் பிறந்த இசையமைப்பாளர் காலின் மெக்ஃபீ, அமெரிக்க மானுடவியலாளர் மார்கரெட் மீட் ஆகியோர் 1930-களில் அங்கு தங்கியவர்கள். சுற்றுலா பெருகி பாலி கெட்டுவிடும் என்ற கவலையை கோவரூபியாஸ் 1937-இல் வெளியான தமது நூலிலேயே பதிவு செய்திருந்தார். ஆக, தனக்குப் பின் வருபவரைக் குறித்த புகார் பாலியில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பழமையானது. இன்று எழும் குரல்களைக் கேட்கும்போது இதையும் நினைவில் கொள்வது நல்லது.

பெருந்திரள் சுற்றுலா தொடங்கியது, பாலி விமான நிலையம் சர்வதேச ஜெட் விமானங்களுக்குத் திறக்கப்பட்ட 1969-க்குப் பிறகு. 1970-களின் தொடக்கத்தில், உலக வங்கியின் ஆதரவுடன் பிரெஞ்சு ஆலோசனை நிறுவனம் ஒன்று சுற்றுலாப் பெருந்திட்டம் வகுத்தது. பெரிய விடுதிகளைத் தென்முனையில் உள்ள நுசா துவா பகுதியில் மட்டும் அமைத்து, பயணிகளை அங்கேயே தங்கவைத்து, கிராமங்களைப் பாதுகாப்பது அதன் நோக்கம். பயணிகள் பகலில் பேருந்தில் வந்து கோயில்களையும் நடனங்களையும் கண்டு, இரவில் விடுதிக்குத் திரும்ப வேண்டும் என்பதே எண்ணம்.

அலைச்சறுக்கு வீரர்களும் சிக்கனப் பயணிகளும் கூட்டா கடற்கரையை அப்போதே தங்கள் இடமாக்கிக்கொண்டதால், திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. இருப்பினும் ஒரு பிரிவினை இருந்தது: விடுதிப் பகுதி பயணிகளுக்கு, வயல்வெளி ஓரத்து வாடகை வீடு நெடுநாள் தங்குவோருக்கு. இணையவழி வீட்டு வாடகைத் தளங்களின் வருகை இந்தப் பிரிவினையை உடைத்தது. மூன்று நாள் விடுமுறைக்கு வருபவரும் இப்போது விடுதிக்குப் பதிலாக, நீச்சல் குளத்துடன் கூடிய வில்லாவைக் கைப்பேசியில் தேர்வு செய்கிறார். அந்த வில்லா, குடியிருப்பவரின் பக்கத்து வீடாகவோ, அவர் நேற்றுவரை வாடகைக்கு இருந்த வீடாகவோ இருக்கக்கூடும்.

வீட்டு உரிமையாளரின் கணக்கு

இது எளிய கணக்கு. எடுத்துக்காட்டாக, ஒரு வில்லாவுக்கு இரவொன்றுக்கு 15 லட்சம் ரூபியா வாடகை கிடைப்பதாகக் கொள்வோம். மாதத்தில் 20 இரவுகள் நிரம்பினாலே 3 கோடி ரூபியா வருமானம். அதே வீட்டில் ஆண்டு முழுவதும் தங்குபவர் மாதம் 1.5 கோடி ரூபியா கொடுத்தால், தரகுத் தொகை, துப்புரவுச் செலவு அனைத்தையும் கழித்த பின்னும் உரிமையாளருக்கு முதல் வழியே இலாபகரமாகத் தோன்றும். பயணிகள் வரத்து மிகும்போது நெடுநாள் வாடகைதாரர் வெளியேற்றப்படுவதற்கு எவருடைய பகையும் தேவையில்லை. இந்தக் கணக்கே போதும்.

வீட்டை விலைக்கு வாங்கி இப்பிரச்சினையிலிருந்து தப்பவும் வழியில்லை. இந்தோனேசியாவின் 1960-ஆம் ஆண்டு வேளாண் நில அடிப்படைச் சட்டத்தின்படி, நிலத்தின் முழு உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியது. வெளிநாட்டவர் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்பாட்டு உரிமை பெறலாம், அல்லது குத்தகைக்கு எடுக்கலாம். நடைமுறையில் பெரும்பாலோர் தேர்வு செய்வது 25 அல்லது 30 ஆண்டுக் குத்தகை. நிலம் 'ஆரே' என்ற அளவில் பேசப்படுகிறது. ஓர் ஆரே என்பது 100 சதுர மீட்டர், நம் வழக்கில் சுமார் இரண்டரை சென்ட். குத்தகைத் தொகை முழுவதையும் முன்கூட்டியே செலுத்துவது அங்கு வழக்கம்.

குத்தகைக் காலம் முடிந்ததும் நிலமும், பொதுவாக அதன்மீது கட்டப்பட்ட வீடும் நில உரிமையாளரைச் சேரும். புதுப்பிக்கும்போது விலை என்ன என்பதை ஒப்பந்தத்தில் உறுதி செய்யாதவர்கள், அன்றைய சந்தை விலையைத் தர வேண்டும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், சுற்றிலும் வயல்களே இருந்தபோது குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு இப்போதுதான் காலம் முடிகிறது. தம் முதுமைக்காலத்துக்கென வீடு கட்டியவர், அதே வீட்டுக்குச் சுற்றுலாச் சந்தையின் விலையில் மறுபடி பணம் கட்டும் நிலைக்கு ஆளாகிறார். உள்ளூர்வாசி ஒருவரின் பெயரில் நிலம் வாங்கும் 'பினாமி' முறையும் அங்கு உண்டு. ஆனால் அது சட்டப்படி செல்லாது. தகராறு எழுந்தால் பணம் கொடுத்தவருக்கு நீதிமன்றத்தில் பிடிமானம் இராது.

சாங்கு சொல்லும் கதை

பாடுங் மாவட்டத்தில் உள்ள சாங்கு, ஒரு காலத்தில் நெல்வயல்களும் அலைச்சறுக்கு வீரர்களின் சில தங்கும் அறைகளும் கொண்ட கடலோர ஊர். செமின்யாக் பகுதி நெரிசலானதும், அமைதி தேடிய வெளிநாட்டினர் அங்கு நகர்ந்தனர். 2010-களின் நடுவில் கூட்டுப் பணியிடங்கள் தோன்றின. மடிக்கணினியுடன் உலகைச் சுற்றியபடி வேலை செய்யும் 'டிஜிட்டல் நாடோடிகள்' அதைத் தங்கள் தலைநகராக்கினர். அவர்கள் இணையத்தில் பகிர்ந்த படங்களைப் பார்த்துப் பயணிகள் வந்தனர். பயணிகளுக்காகக் கடற்கரைக் கேளிக்கை விடுதிகள் வந்தன. வயல்களுக்கு நடுவே இருந்த ஒற்றையடிக் குறுக்குப்பாதை, கார்கள் வயலுக்குள் சரிந்து விழும் காணொளிகளால் புகழ்பெற்றது.

2022-இல், சாங்குவின் மதுக்கூடங்கள் விடியும்வரை எழுப்பும் இரைச்சலுக்கு எதிரான இணைய மனுவில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டனர். உள்ளூர்வாசிகளும் குடியேறிய வெளிநாட்டினரும் ஒரே பக்கம் நின்றது இதில் கவனிக்கத்தக்கது. இரவில் தூங்க வேண்டியவருக்கும் இரவில் கொண்டாட வந்தவருக்கும் இடையிலான கோடு, நாட்டினத்தைப் பார்ப்பதில்லை.

இப்போது சாங்குவிலிருந்து பெரெரெனான், அங்கிருந்து அண்டை மாவட்டமான தபானானின் கடற்கரை என நகர்வு தொடர்கிறது. முதியோர் பலர் கிழக்குக் கரையில் உள்ள சனூரை நாடுகின்றனர். நகரும் ஒவ்வோர் இடத்திலும் உணவகமும் உடற்பயிற்சிக் கூடமும் பின்தொடர, சில ஆண்டுகளில் அதுவும் சுற்றுலா ஊராகிறது. புகார் கூறும் வெளிநாட்டினரில் ஒரு பகுதியினரே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வில்லா கட்டிப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவர்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

போக்குவரத்து நெரிசலுக்குத் தனி விளக்கம் தேவையில்லை. 2023 டிசம்பர் இறுதியில், விமான நிலையத்தை நோக்கிய சாலை முற்றிலும் ஸ்தம்பித்தபோது, பயணிகள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு சாலையில் நடந்து சென்ற காட்சிகள் உலகெங்கும் ஒளிபரப்பாயின. பயணிக்கு அது ஒருநாள் அவதி. குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவருக்கு அது அன்றாடம்.

அனைவரும் 'புலே'

வெள்ளையரான வெளிநாட்டவரை இந்தோனேசியர்கள் 'புலே' என்று அழைக்கின்றனர். நேற்று வந்தவருக்கும் இருபது ஆண்டுகள் வாழ்ந்தவருக்கும் இச்சொல் பொது. பயணிகளின் நடத்தை மீதான எரிச்சல் வளர வளர, அதன் சுமையைக் குடியிருப்பவரும் பகிர்ந்துகொள்ள நேர்கிறது.

பெருந்தொற்றுக் காலத்தில் பாலியின் குறைந்த வாழ்க்கைச் செலவைப் புகழ்ந்து, மற்றவர்களும் குடியேற வழிகாட்டும் மின்னூலை விற்ற அமெரிக்கப் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் நாடு கடத்தப்பட்டார். புனித மரத்தில் ஆடையின்றிப் படம் எடுத்தது, தலைக்கவசமின்றி வண்டி ஓட்டியது போன்ற நிகழ்வுகள் அடுத்தடுத்துச் செய்தியாயின. 2023 மார்ச் மாதத்தில், பயணிகளுக்கு மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கொடுப்பதைத் தடை செய்யும் யோசனையை ஆளுநர் வயான் கோஸ்டர் முன்வைத்தார். 2025 மார்ச்சில் அவர் வெளியிட்ட சுற்றறிக்கை, பயணிகளுக்கான நடத்தை விதிகளை வகுத்ததுடன், மீறுவோர் குறித்துப் பொதுமக்கள் புகார் செய்ய வாட்ஸ்ஆப் எண்ணையும் அறிவித்தது.

அரசு ஆவணங்களில் மட்டும் வேறுபாடு தெளிவாக உள்ளது. 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரிடமும் வசூலிக்கப்படும் 1.5 லட்சம் ரூபியா வரியிலிருந்து, 'கிட்டாஸ்' எனப்படும் தற்காலிகத் தங்கல் அனுமதி பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் சந்தைத் தெருவில் எவரும் அந்த அட்டையைப் பார்ப்பதில்லை.

உள்ளூர் மக்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் குறைகள் சிறியவை. தொலைதூரப் பணியாளர் விசாவுக்கு ஆண்டு வருமானம் குறைந்தது 60,000 டாலர் இருக்க வேண்டும் என இந்தோனேசியா நிபந்தனை விதித்துள்ளது; மாதத்துக்கு 5,000 டாலர். பாடுங் மாவட்டத்தில் 2025-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச மாத ஊதியம் சுமார் 35 லட்சம் ரூபியா, அதாவது 220 டாலர் அளவில். இடைவெளி 20 மடங்குக்கும் மேல். நெடுநாள் வெளிநாட்டுவாசிக்கு வாடகை உயர்ந்தால் அவர் அடுத்த ஊருக்கு நகரலாம். அவரது வில்லாவைச் சுத்தம் செய்பவர் இன்னும் தொலைவிலிருந்து வேலைக்கு வர வேண்டும்.

யுனெஸ்கோ 2012-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 'சுபாக்' என்ற கூட்டுறவு நீர்ப்பாசன முறையும் இங்கு வருகிறது. மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்கு வாய்க்கால் வழியே நீர் பாயும் ஏற்பாடு அது. நடுவில் ஒரு வயல் வில்லாவானால், கீழே உள்ளவர்களின் விளைச்சலும் பாதிக்கப்படும். பிறகு அவர்களும் நிலத்தைக் குத்தகைக்கு விடுகின்றனர்.

இவ்வளவுக்கும் நடுவே, குடியேறியோரின் வாழ்க்கையை இயலச் செய்ததும் சுற்றுலாவே. நேரடி விமானங்கள், சர்வதேசப் பள்ளிகள், ஆங்கிலம் பேசும் மருத்துவர்கள், வேகமான இணையம் ஆகியவை பயணிகளின் பணத்தால் வந்தவை. 2021-இல் வாடகை சரிந்து, கடற்கரைகள் வெறிச்சோடியபோது தங்கியிருந்த வெளிநாட்டினர் சிலர் அதைப் பொற்காலமாக நினைவுகூர்கின்றனர். அதே ஆண்டில் வேலையிழந்த பாலி மக்கள் வயலுக்கும் கடற்பாசி வளர்ப்புக்கும் திரும்பினர்.

கட்டுப்பாடுகள் இறுகுகின்றன

2024 செப்டம்பரில், தென்பகுதி மாவட்டங்களில் புதிய விடுதிகள், வில்லாக்கள், இரவு விடுதிகள் கட்டுவதை நிறுத்திவைக்கும் திட்டத்தை இந்தோனேசிய அரசு அறிவித்தது. உபுத் பகுதியில் வெளிநாட்டினர் பெருமளவில் தங்கியிருந்த வளாகம் ஒன்று, விளைநிலத்தில் அனுமதியின்றிக் கட்டப்பட்டதாகக் கூறி 2025 ஜனவரியில் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் பிங்கின் கடற்கரைப் பாறைச்சரிவில் இருந்த 48 கட்டடங்களை இடிக்கும் பணி தொடங்கியது. செப்டம்பரில் ஏற்பட்ட வெள்ளத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, விளைநிலங்கள் கட்டடங்களாக மாறுவது மீதான விமர்சனம் மேலும் வலுத்தது.

பாலிக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளில் ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்தபடியாக இந்தியர்களே 2023, 2024-ஆம் ஆண்டுகளில் அதிகம். பெங்களூரு, தில்லி நகரங்களிலிருந்து நேரடி விமானங்கள் உள்ளன. விடுமுறைக்குச் சென்று, அங்கேயே சில ஆண்டுகள் தங்கி வேலை செய்ய எண்ணும் இளைஞர்களும் உள்ளனர். அவர்கள் அறிய வேண்டியது: வந்திறங்கியதும் பெறும் விசா 30 நாள்களுக்கு மட்டுமே, ஒருமுறை மேலும் 30 நாள்கள் நீட்டிக்கலாம், அதில் வேலை செய்ய அனுமதியில்லை. தொலைதூரப் பணியாளர் விசா பெற்றவரும் இந்தோனேசிய நிறுவனத்திடமோ வாடிக்கையாளரிடமோ ஊதியம் பெறக்கூடாது. திருமணப் புகைப்படம் எடுப்பது, யோகா கற்பிப்பது போன்றவையும் இதில் அடங்கும். வீடு குத்தகைக்கு எடுப்போர், நிலம் எந்த மண்டலத்தில் வருகிறது, கட்டட அனுமதி உள்ளதா என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும். இந்தோனேசியரோடு செய்யப்படும் ஒப்பந்தத்துக்கு அந்நாட்டு மொழியிலான படி கட்டாயம் என 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. புதுப்பித்தல் விலையைக் கணக்கிடும் முறையும் அந்தப் படியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆங்கிலப் படியில் மட்டும் இருந்தால் போதாது.