கையில் வெண்ணெய், கடையில் நெய்: நைஜீரியாவின் பெட்ரோல் போராட்டங்கள்

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதாகச் சொல்வார்கள். நைஜீரியாவுக்கு இது வெறும் பழமொழி அல்ல, பல ஆண்டுகால நடைமுறை. 1956இல் ஒலோய்பிரி என்ற ஊரில் கச்சா எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் அந்நாடு ஆப்பிரிக்காவின் பெரும் எண்ணெய் உற்பத்தியாளர்களில் ஒன்றானது. ஆனால் போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடுனா ஆகிய நகரங்களில் இருந்த அரசு சுத்திகரிப்பு ஆலைகள் சரியான பராமரிப்பின்றி முடங்கிப்போயின. எனவே கச்சா எண்ணெயை வெளிநாட்டுக்கு விற்று, பெட்ரோலை வெளிநாட்டிலிருந்தே வாங்க வேண்டியதாயிற்று.

அப்படி வாங்கிய பெட்ரோலை உள்நாட்டில் குறைந்த விலைக்கு விற்றார்கள். இரண்டு விலைக்கும் இடையிலான வித்தியாசத்தை அரசு இறக்குமதியாளர்களுக்குக் கொடுத்தது. இதுதான் மானியம். இதை நிறுத்த வேண்டும் என்று பொருளாதார நிபுணர்கள் சொன்ன காரணங்களில் நியாயம் இருக்கிறது. அதிகக் கார்கள் வைத்திருந்தவருக்கே அதிக மானியம் போனது. மலிவான பெட்ரோல் பெனின், கேமரூன் எல்லைகளைத் தாண்டிக் கடத்தப்பட்டது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய பணம் புகையானது.

அப்படியானால் ஏழைகள் ஏன் தெருவுக்கு வந்தார்கள்? அவர்களிடம் கார் இல்லை. ஆனால் பேருந்துக் கட்டணமும், சந்தைக்கு லாரியில் வரும் கிழங்கின் விலையும் பெட்ரோலோடும் டீசலோடும் சேர்ந்தே ஏறும். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் நாட்டில், தையற்கடையும் முடிதிருத்தும் கடையும் ஜெனரேட்டரில்தான் ஓடுகின்றன. கையால் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய ஜெனரேட்டருக்கு, ‘பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் மேல்’ என்ற பொருளில் மக்கள் ஒரு செல்லப்பெயரே வைத்திருக்கிறார்கள். குடிநீரும் விளக்கும் தாங்களே தேடிக்கொள்ளும் மக்களுக்கு, அரசிடமிருந்து கிடைத்ததாகக் கண்ணுக்குத் தெரிந்த ஒரே பயன் மலிவான பெட்ரோல்தான்.

2012 ஜனவரி 1 அன்று, ஜனாதிபதி குட்லக் ஜோனதனின் அரசு மானியத்தை ஒரேயடியாக நீக்கியது. லிட்டருக்கு 65 நைராவாக இருந்த விலை 141 நைராவுக்கு மேல் போனது. பண்டிகைக்குச் சொந்த ஊர் போயிருந்தவர்கள் திரும்பிவரக் கட்டணமின்றித் தவித்தார்கள். ஜனவரி 9 அன்று தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் தொடங்கின. லாகோஸில் ஒஜோட்டா பூங்காவில் பெருங்கூட்டம் திரண்டது. அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் நாளில்தான் தலைநகருக்கு அருகே ஒரு தேவாலயத்தில் குண்டு வெடித்திருந்தது. இருந்தும், போராட்டக் களத்தில் முஸ்லிம்கள் தொழுதபோது கிறிஸ்தவர்கள் சுற்றி நின்று காவல் காத்தார்கள். ஜனவரி 16 அன்று அரசு விலையை 97 நைராவாகக் குறைத்தது, வேலைநிறுத்தம் நிறுத்தப்பட்டது.

போராட்டத்தின் முக்கிய விளைவு விலைக்குறைப்பு அல்ல, அதையொட்டி நடந்த நாடாளுமன்ற விசாரணை என்பேன். 2006இல் 6 ஆக இருந்த இறக்குமதியாளர் எண்ணிக்கை 2011இல் 140 ஆகியிருந்ததை விசாரணைக்குழு வெளிக்கொணர்ந்தது. மானியத்தின் பெயரால் சுமார் 680 கோடி டாலர் முறைகேடாகப் போனது என்றும் அது கூறியது. கொடுமை என்னவென்றால், அந்தக் குழுவின் தலைவர் ஃபரூக் லாவனே, விசாரணை தொடர்பாக எண்ணெய் வணிகர் ஒருவரிடம் லஞ்சம் வாங்கியதாக 2021இல் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார்.

2012இல் மானிய நீக்கத்தைக் கடுமையாகக் கண்டித்த எதிர்க்கட்சித் தலைவர்களுள் ஒருவர் போலா டினுபு. அவரே 2023 மே 29 அன்று ஜனாதிபதியாகப் பதவியேற்ற உரையில் மானியம் முடிந்தது என்று அறிவித்தார். 200 நைராவுக்குக் கீழிருந்த விலை சில நாட்களில் 500ஐ ஒட்டி ஏறியது. 2024 அக்டோபரில் 1,000ஐத் தொட்டது. நைராவின் மதிப்பும் சரிந்ததால் 2024இல் பணவீக்கம் 30 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த ஆகஸ்டில் பசி என்று எழுதிய அட்டைகளோடு இளைஞர்கள் வீதிக்கு வந்தார்கள். பலர் உயிரிழந்தனர். இம்முறை மானியம் திரும்பி வரவில்லை.

மானியம் தவறான மருந்தாகவே இருக்கலாம். ஆனால் அதை நிறுத்தி மிச்சமாகும் பணம் பள்ளிக்கூடமாகத் திரும்பி வரும் என்று சொல்பவரை நம்ப, மக்களுக்கு முன் அனுபவம் வேண்டும். திருடியவரைத் தொடாமல் தின்றவரின் தட்டை முதலில் எடுத்தால், கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் கோபம் தெருவுக்குத்தான் வரும்.