கூப்பிட்டால் வரும் நாய்

மாலை ஐந்து மணி. வேலைக்காட்டிலிருந்து திரும்பி, குளித்து, தேநீரும் குடித்தாகிவிட்டது. பகல் முழுவதும் சங்கிலியில் கிடந்த நாயை அவிழ்த்து விடுகிறீர்கள். அது ஒரே பாய்ச்சலாக வாசலைத் தாண்டி ஓடுகிறது. அந்த நேரம் பார்த்து, செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரி ஒன்று வளைவில் திரும்பி வருகிறது. "மணி! வாடா!" என்று தொண்டை கிழியக் கத்துகிறீர்கள்.

உங்கள் நாய் திரும்பி வருமா?

"கண்டிப்பாக வரும்" என்று மார்தட்டிச் சொல்லக்கூடியவர் நம்மில் சிலரே. "பசித்தால் வரும்" என்பதுதான் பலருடைய பதில். ஆனால் நாய்க்குப் பசிக்கும்வரை லோரி காத்திருக்காது.

நாயைப் பழக்குவது பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். தோட்டத்தில் லோரி உண்டு, பாம்பு உண்டு, பக்கத்து லயத்துக் கோழியும் உண்டு. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவர்களுக்கோ இன்னொரு பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது. அடுத்த வீட்டில் மலாய்க் குடும்பம் இருக்கலாம். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். நம் நாய் அன்போடு நக்கினாலும் அவர்களுக்கு அது சங்கடமே. பல ஆண்டுகளாக நல்லபடியாகப் பழகிய அண்டை வீட்டாரோடு ஒரு நாயால் மனக்கசப்பு வரலாமா?

பொத்தானை அழுத்தினால் போதுமா?

இப்போது கைப்பேசி வழியாகவே ஒரு பொருளை வாங்க முடிகிறது. ரிமோட் கழுத்துப் பட்டை என்று அதற்குப் பெயர். நாயின் கழுத்தில் மாட்டும் பட்டையில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். அதிலிருந்து நீண்டிருக்கும் இரண்டு உலோக முனைகள் நாயின் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். உங்கள் கையில் ஒரு ரிமோட். ஒரு பொத்தானை அழுத்தினால் ஓசை வரும். இன்னொன்றை அழுத்தினால் பட்டை அதிரும். மூன்றாவதை அழுத்தினால் மின்சாரம் 'சுருக்'கென்று தைக்கும். அதன் அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். வெட்டவெளியில் சில நூறு மீட்டர் தூரம்வரை வேலை செய்யும். மரங்கள் அடர்ந்த இடத்தில் அந்தத் தூரம் குறையும்.

"அடியாத மாடு படியாது" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். எனவே ஆசை வருவது இயல்புதான். ஓடுகிற நாய்க்கு ஓர் அழுத்து அழுத்தினால், திரும்பி வந்து காலடியில் படுத்துக்கொள்ளாதா?

படுத்துக்கொள்ளாது. அந்த வலி எங்கிருந்து வந்தது என்று நாய்க்குத் தெரியாது. அந்த நொடியில் எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ அதன்மேல் பழியைப் போடும். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்தபோது வலித்திருந்தால், அடுத்த நாள் அந்தக் குழந்தையைக் கண்டதும் உறுமலாம். அழைக்கும் சொல்லின் பொருளே தெரியாத நாய்க்கு வலியை மட்டும் கொடுத்தால், அது எங்காவது ஓடும், உங்களிடம் வராது. பட்டையை நாள் முழுவதும் மாட்டி வைத்தால் முனைகள் அழுத்திக் கழுத்தில் புண்ணும் உண்டாகும்.

இது வெறும் இரக்கப் பேச்சல்ல. கூப்பிட்டால் வராதது போன்ற குறைகள் உள்ள 63 நாய்களை இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் மூன்று பிரிவுகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் பிரிவுக்கு மின்பட்டையோடு பயிற்சி. இரண்டாம் பிரிவுக்கு அதே பயிற்சியாளர்கள், ஆனால் மின்பட்டை இல்லை. மூன்றாம் பிரிவைப் பரிசு கொடுத்தே பழக்கினார்கள். 2020ல் முடிவு வெளிவந்தது. பரிசு கொடுத்துப் பழக்கிய நாய்களே சொன்ன சொல்லை நன்றாகக் கேட்டன. மின்பட்டையால் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுவோம். 2024ல் அமெரிக்காவில் 19 நாய்களை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஓடும் பொருளைத் துரத்தும் பழக்கத்தை மின்பட்டை சீக்கிரமே நிறுத்தியது; உணவு கொடுத்துப் பழக்கிய நாய்கள் துரத்துவதை நிறுத்தவில்லை. ஆனால் அங்கே பொத்தானை அழுத்தியவர் கைதேர்ந்த பயிற்சியாளர். நம் வீட்டில் அதை அழுத்தப்போவது யார்? கோபத்தில் இருக்கும் நாம்தான். வேல்ஸ் நாட்டில் 2010ஆம் ஆண்டிலேயே இத்தகைய மின்பட்டைகளுக்குத் தடை விதித்துவிட்டார்கள்.

குறை யாரிடம்?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "இங்கே வா" என்று நாயை எப்போது கூப்பிடுகிறோம்? செருப்பைக் கடித்தபோது கூப்பிடுகிறோம். வந்ததும் விளக்குமாற்றால் ஒரு போடு போடுகிறோம். விளையாடிக்கொண்டிருக்கும்போது கூப்பிடுகிறோம். வந்ததும் சங்கிலியில் கட்டிவிடுகிறோம். 'கிட்டே போனால் வம்பு' என்ற பாடத்தைத்தான் நாய் கற்றுக்கொள்கிறது. கையில் கல்லைக் கண்ட நாய் அருகில் வருமா? பொத்தானும் ஒரு கல்தான்.

ஆகவே முதல் விதி இதுதான்: உங்களிடம் வந்த நாயை ஒருபோதும் அடிக்காதீர்கள். பத்து நிமிடம் கழித்து வந்தாலும் தட்டிக்கொடுங்கள். கோபத்தை அடக்கிக்கொள்ள முடியாவிட்டால், அன்றைக்குக் கூப்பிடாமலே இருந்துவிடுங்கள்.

பழக்கும் முறை

முதலில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். 'வா' வேண்டாம். வீட்டில் அதை எல்லாரும் எல்லாரிடமும் சொல்கிறோம். 'ஓடியா' என்று வைத்துக்கொள்ளலாம். விசில் ஊதினால் இன்னும் நல்லது. எதுவானாலும் வீட்டார் எல்லாரும் ஒன்றையே பயன்படுத்த வேண்டும்.

முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே பழக்குங்கள். அவித்த கோழி ஈரலை நகக்கண் அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லை ஒரு முறை சொல்லுங்கள். வந்தவுடனே ஒரு துண்டு கொடுங்கள். தாமதமாகக் கொடுத்தால் எதற்காகக் கொடுத்தீர்கள் என்று நாய்க்குப் புரியாது. ஒரு வேளைக்குப் பத்து முறை, ஐந்து நிமிடம் போதும். ரஷ்ய அறிஞர் பாவ்லவ், உணவுக்கு முன்னால் ஓர் ஓசையைத் தொடர்ந்து கேட்ட நாய்களுக்கு, அந்த ஓசை கேட்டாலே வாயில் நீர் ஊறுவதைக் கண்டறிந்தார். உங்கள் குரலும் அப்படி ஆக வேண்டும்.

அடுத்துத் திடலுக்குக் கொண்டு போங்கள். பத்து மீட்டர் நீளமுள்ள கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டித் தரையில் இழுபட விடுங்கள். ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள். வராவிட்டால் திரும்பத் திரும்பக் கத்தாதீர்கள். ஐந்து முறை கத்தினால், ஆறாவது முறைதான் வர வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும். கயிற்றைப் பிடித்து மெல்ல உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். வந்ததும் பரிசு கொடுத்து, மறுபடியும் விளையாட விட்டுவிடுங்கள். உங்களிடம் வந்தால் விளையாட்டு முடிந்துவிடாது என்பதை நாய் உணர வேண்டும்.

பிறகு சற்றுத் தூரத்தில் கோழி மேயட்டும், மோட்டார் சைக்கிள் போகட்டும். அப்போதும் வருகிறதா என்று பாருங்கள். பத்துக்கு ஒன்பது முறை வந்தால் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். அவசரப்பட வேண்டாம், மாதக்கணக்கில் ஆகும்.

நன்றாகப் பழகிய பிறகு ஒவ்வொரு முறையும் ஈரல் தேவையில்லை. எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி இடையிடையே கொடுங்கள். வாரந்தோறும் நாலு நம்பர் எழுதுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். எப்போதாவது ஒரு முறை விழுந்தது. அதனால்தான் அவர் விடாமல் எழுதுகிறார். நாயும் அப்படித்தான்.

பட்டையை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா?

வாங்கிய பணத்தை எண்ணி வருந்த வேண்டாம். முதலில் கயிற்றுப் பயிற்சியை முடியுங்கள். சொல்லை நன்றாக அறிந்த நாய்க்கு ஓசைப் பொத்தானை மட்டும் பயன்படுத்தலாம். அந்த ஓசை கேட்கும்போதெல்லாம் ஈரல் கொடுத்து வந்தால், அது தூரத்துக்குக் கேட்கும் விசிலாகிவிடும். மின்சாரப் பொத்தானைத் தொடாதீர்கள். பிள்ளைகள் கையில் ரிமோட்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். விலங்கை வதைத்தால் மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். எவ்வளவு பழகிய நாயானாலும் தாமானிலும் பட்டணத்திலும் கயிற்றில் பிடித்துக்கொண்டே நடங்கள். லைசென்சையும் தவறாமல் எடுத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்கிறீர்களா? வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால், வீட்டுக்குள் செய்யும் பயிற்சியை அந்தப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். நாய் சொல் கேட்கக் கற்கும்; பிள்ளை பொறுமையைக் கற்கும். உங்களுக்குச் செலவு ஒரு துண்டு ஈரல்.

நாளைக்கும் லோரி அந்த வளைவில் திரும்பத்தான் போகிறது. அப்போது ஒரே ஒரு குரலுக்கு உங்கள் நாய் திரும்பி வர வேண்டுமானால், இன்று மாலையே தொடங்குங்கள்.